மார்கழியில் எரியாத அடுப்பும் மலை ஏற வேண்டிய பல்கலைக்கழகமும்

எங்கள் வீட்டுச் சாண எரிவாயு அடுப்பு மார்கழி பிறந்தால் எரியாது. கார்த்திகை பாதியிலேயே சுணங்க ஆரம்பிக்கும். அப்புறம் தை கடைசி வரைக்கும், ஒரு டம்ளர் காபி போடும் நேரம்கூட நீலத் தீ நிற்காது. அம்மா தினமும் திருகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏப்பா, இன்னிக்கும் வரல" என்று சொல்லிக்கொண்டே விறகடுப்புப் பக்கம் போவார். நாங்கள் இருப்பது கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம், கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில். மாடு இருக்கிறது, சாணி இருக்கிறது, தண்ணீருக்குப் பஞ்சமில்லை, குழியையும் உறுதியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வெந்நீரும் சுடுசோறும் அதிகம் வேண்டியிருக்கிற மூன்று மாதம் மட்டும் அது வேலை செய்யாது.

ரொம்ப நாள் இதை எங்கள் தப்பு என்றுதான் நினைத்திருந்தோம். சாணியைச் சரியாகக் கரைக்கவில்லை, வைக்கோல் கலந்துவிட்டது, குழாயில் தண்ணீர் அடைத்திருக்கும், இப்படி ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மையான காரணத்தைத் தேடிப் போனபோதுதான், சுத்தமான எரிசக்தி விஷயத்தில் பல்கலைக்கழகங்கள் என்ன செய்கின்றன, எங்களை மாதிரி மலைக்காரர்களுக்கு அவர்களால் உண்மையில் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்குப் பிடித்துக்கொண்டது.

முதலில் குழிக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். சாணியைத் தின்று மீத்தேன் வாயுவை விடுகிற நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி வாக்கில் சூடு இருந்தால் கொண்டாட்டம். சூடு 10 டிகிரி இறங்கினால் அவற்றின் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும், 15 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட தூங்கிவிடும். குழியோ மண்ணுக்குள் இருக்கிறது. மண் ஓரளவு ஆழத்தில் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். திண்டுக்கல்லில் அது 27, 28 டிகிரி. எங்கள் மலையில் அதில் ஏறக்குறையப் பாதிதான். நுண்ணுயிர் மெதுவாக வேலை செய்தால் அதற்கு அதிக நாள் கொடுக்க வேண்டும், அதாவது சாணிக் கரைசல் குழிக்குள் அதிக நாள் தங்க வேண்டும். இந்தியாவில் சாண எரிவாயுக் கலன்களுக்கு இந்தக் கணக்கு எப்போதோ போட்டு வைத்ததுதான்: வெப்பமான பகுதிக்கு 30 நாள், மிதமான பகுதிக்கு 40 நாள், குளிர்ப் பகுதிக்கு 55 நாள். தினமும் 2 கன மீட்டர் வாயு தருகிற வீட்டுக் கலனில் 50 கிலோ சாணியும் 50 லிட்டர் தண்ணீரும் போடுகிறோம், மொத்தம் 100 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளுக்கு 3,000 லிட்டர் கொள்ளும் குழி போதும், 55 நாளுக்கு 5,500 லிட்டர் வேண்டும். எங்கள் குழியை அதன் வரைபடத்தை வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்து பார்த்தேன். 3,000 லிட்டரைத் தாண்டாது.

சமவெளிக்கான குழியை மலையில் கட்டியிருக்கிறார்கள், விஷயம் அவ்வளவுதான். கட்டித் தந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுத விருப்பமில்லை. அவர்கள் வந்தது சித்திரை மாதம். வெயில் நன்றாக அடித்தது, குழி நிரம்பி ஒன்றரை மாதத்தில் வாயு வந்தது, அடுப்பைப் பற்றவைத்து போட்டோ எடுத்தார்கள், பயனாளி என்ற இடத்தில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். மார்கழியில் என்ன ஆனது என்று கேட்க யாரும் திரும்பி வரவில்லை. அவர்களுடைய அறிக்கையில் எங்கள் கலன் இன்னமும் நன்றாக எரிந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது குழி சின்னதாக இருந்ததற்காக அல்ல. இதற்கான தீர்வுகள் துண்டு துண்டாக நாடு முழுக்க ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு மலைக் கிராமத்தில் ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை, அதனால்தான். ரயில் பெட்டியில் பயோ டாய்லெட் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியது டி.ஆர்.டி.ஓ., அதாவது பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம். சியாச்சின் மாதிரி இடங்களில் பணிபுரியும் வீரர்களின் கழிவு மட்காமல் அப்படியே உறைந்து கிடக்கிறது என்பதற்காகக் குளிர்ப் பிரதேசங்களில், அண்டார்டிகாவில்கூட, தேடி எடுத்த குளிர் தாங்கும் நுண்ணுயிர்கள் அதில் இருக்கின்றன. அதைவிட எளிமையான வழியும் உண்டு. சாணியைப் பச்சைத் தண்ணீரில் கரைக்காமல், கூரையில் இருக்கும் சூரிய வெந்நீர்க் கலனில் இருந்து 20 டிகிரி கூடுதல் சூட்டில் 50 லிட்டர் எடுத்துக் கரைத்தால், மொத்தக் கரைசலின் சூடு 10 டிகிரி ஏறும். இதற்குச் செலவாகும் வெப்பத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. வெயில் அடிக்கும் நாளில் 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் நாலு யூனிட்டுக்கு மேல் வெப்பம் சேர்க்கும், அதில் கால் பங்கைக் குழிக்குக் கொடுத்தால் போதும். குழியைச் சுற்றி வைக்கோலும் மட்கும் குப்பையும் அடைத்தால் இன்னும் கொஞ்சம் சூடு நிற்கும்.

ஆனால் இது காகிதக் கணக்கு. ஈரமான மலை மண் குழியின் சுவர் வழியாக எவ்வளவு சூட்டை உறிஞ்சும், மூடுபனி ஒரு வாரம் விடாமல் இருந்தால் வெந்நீர் எங்கிருந்து வரும், அதிகாலையில் எழுந்து வெந்நீர் கலந்து சாணி கரைக்க ஒரு வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது, இதையெல்லாம் ஒரு வருடம் இங்கேயே இருந்து அளந்தால்தான் சொல்ல முடியும். பல்கலைக்கழகத்தின் வேலை என்று நான் நினைப்பது இதைத்தான். புதிய கருவியைக் கண்டுபிடிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும். இருக்கிற கருவி இந்த உயரத்தில், இந்தக் குளிரில், இந்த வீட்டில் என்ன செய்கிறது என்று அளந்து, அந்த எண்ணை அந்த வீட்டுக்காரருக்கும் ஆராய்ச்சி உலகத்துக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? விற்கிறவர் சொல்ல மாட்டார். திட்டத்தை நடத்தும் அதிகாரிக்கு மார்ச் மாதத்துக்குள் இலக்கை முடிக்க வேண்டும்.

இப்படி ஒரு வேலை நடந்ததே இல்லை என்று சொல்லக் கூடாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் அமுல்யா ரெட்டி என்ற மின்வேதியியல் பேராசிரியர், கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்று அஸ்த்ரா என்ற மையத்தைத் தொடங்கினார். அவர்கள் முதலில் செய்தது கருவி செய்வதல்ல, கணக்கெடுப்பு. தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ விறகு, அதை யார் எத்தனை மைல் நடந்து கொண்டு வருகிறார்கள், தண்ணீருக்கு எத்தனை நடை என்று எழுதினார்கள். கிராமத்தின் எரிசக்தியில் பெரும்பகுதி சமையல் விறகுதான், அதைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும்தான் என்பது அப்போது எண்ணாக எழுதப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றலாம், ஆனால் எண்ணாக எழுதும் வரை அது எந்தத் திட்டத்திலும் ஏறவில்லை.

அந்த மாவட்டத்தில் புரா என்று ஒரு சின்னக் கிராமம், நூறு வீடுகூட இல்லை. ஊருக்கே பொதுவாக ஒரு சாண எரிவாயுக் கலன் அமைத்து, வீட்டுக்கு வீடு சமையலுக்குக் குழாயில் வாயு கொடுப்பது என்று திட்டம் போட்டார்கள். செய்து பார்த்தால் ஊர் மாடுகளின் சாணி எல்லா வீட்டுச் சமையலுக்கும் போதவில்லை. மற்ற இடமாக இருந்தால் கதை அங்கே முடிந்து, துருப்பிடித்த கலன் மட்டும் மிஞ்சியிருக்கும். இவர்கள் மறுபடியும் ஊரோடு உட்கார்ந்து பேசினார்கள். எங்களுக்கு நல்ல குடிநீர் கொடுங்கள் என்றது ஊர். சரி என்று, அந்த வாயுவை டீசலோடு சேர்த்து ஒரு எஞ்சினை ஓட்டி, மின்சாரம் எடுத்து, ஆழ்துளைக் கிணற்றில் இருந்து நீர் இறைத்துக் குழாயில் விட்டார்கள், வீடுகளுக்கு விளக்கும் கொடுத்தார்கள். அது 1987. சாணி கொண்டு வந்து கொடுப்பவருக்கு எடை போட்டுக் கூலி, கலனில் இருந்து வெளிவரும் கரைசல் உரமாக அவரவருக்கே திரும்பும். பல வருடம் அது ஓடியது. தன் முதல் யோசனை தோற்றதை ஒளிக்காமல், ஊர் சொன்னதைக் கேட்டு இரண்டாவது யோசனைக்கு மாறியதுதான் அதில் எனக்குப் பிடித்தது. ஆராய்ச்சியும் மக்களோடு பேசுவதும் அங்கே இரண்டு வேலையாக இல்லை.

எங்களுக்குப் பக்கத்திலேயே இந்த மரபு உள்ள இடம் ஒன்று உண்டு. மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டிப் போனால், சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய அமைப்பில் இருந்து 1956-ல் கிராமிய நிறுவனம் பிறந்தது, 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. கற்பித்தல், ஆய்வு இரண்டோடு விரிவாக்கத்தையும், அதாவது ஊருக்குள் போய் மக்களோடு வேலை செய்வதையும், சமமாக வைத்து வளர்ந்த நிறுவனம் அது. மாணவர்கள் சில நாள் ஒரு கிராமத்திலேயே போய்த் தங்குவது அங்கே படிப்பின் பகுதி. கிராமப்புற எரிசக்திக்கென்று தனித்துறையே நடத்தியிருக்கிறார்கள். மலைமேலும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது: 1984-ல் கொடைக்கானலில் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். பெண்களுக்கான பல்கலைக்கழகம், பெண்கள் விறகு சுமக்கும் மலையின் மேலேயே இருக்கிறது. மேல்மலைக் கிராமங்களின் அடுப்பையும் வெந்நீரையும் பற்றிய ஆராய்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி எனக்குத் தோன்றவில்லை. 2014-ல் மத்திய அரசு கொண்டுவந்த உன்னத் பாரத் அபியான் என்ற திட்டத்தில், உயர்கல்வி நிறுவனங்கள் ஐந்து கிராமங்களையாவது தத்தெடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அதனால் கிராமத்துக்குப் போக வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தடையாக இருப்பது காலம்தான். ஆராய்ச்சித் திட்டத்துக்கு மூன்று வருட நிதி, மாணவருக்கு மூன்று, நாலு வருடப் பட்டம், பேராசிரியருக்குக் கட்டுரை எண்ணிக்கை. எங்கள் குழிக்கோ ஒவ்வொரு மார்கழியும் வேண்டும்.

நீண்ட காலம் அளப்பது என்றால் என்ன என்று பார்க்க நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் இங்கே வந்தது. அது வந்த காரணமே ஒரு பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று தாத்தா பாட்டிகள் சொல்வார்களே, 1876-ல் தொடங்கி லட்சக்கணக்கில் உயிர் குடித்தது, அதற்குப் பிறகு, சூரியனில் ஏற்படும் மாற்றத்துக்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வி எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்கத் தோதான இடம் தேடி, வானியலாளர் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1904-ல் இருந்து, வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு நடுவில் இருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்ததும் இங்கேதான், அது இன்றைக்கும் எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கப்படுகிறது. 2023-ல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா விண்கலத்தின் முக்கியக் கருவியைச் செய்தது இந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். நூறு வருடத்துக்கு மேல் ஒரே வேலையை ஒரே ஒழுங்கில் செய்ததால்தான் அந்தப் படங்களுக்கு உலக மதிப்பு. அங்கே அருங்காட்சியகம் உண்டு, போகிறவர்கள் பார்க்கலாம். நான் ஏழாம் வகுப்பில் போனபோது, வெள்ளை அட்டையில் விழுந்த சூரியனின் பிம்பத்தில் மிளகு மாதிரி ஒரு கரும்புள்ளியைக் காட்டி, இது பூமியைவிடப் பெரிது என்று ஒருவர் சொன்னார். அவர் பெயர் தெரியாது, அந்தப் புள்ளி மட்டும் இன்னும் கண்ணில் இருக்கிறது.

சூரியனை அளப்பவர்கள் சொல்கிற ஒரு விஷயம் சோலார் பலகை போடுகிறவர்களுக்கும் உதவும். சூரியனின் 11 வருடச் சுழற்சியில் அதன் மொத்த ஒளி மாறுவது ஏறக்குறைய 0.1 சதவீதம்தான். உங்கள் கூரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பொருட்டாக இருப்பது பலகையின் சூடும் ஊரின் மேகமும். சிலிக்கான் பலகை 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறனை இழக்கும். திண்டுக்கல்லில் சித்திரை மதியம் பலகை 60, 65 டிகிரிக்குப் போகும், அங்கேயே 14 முதல் 16 சதவீதம் போய்விட்டது. எங்கள் ஊரில் அதே நேரம் பலகை 45 டிகிரியில் நிற்கும், இழப்பு 8 சதவீதம். காற்றும் இங்கே மெல்லியது, தூசியும் குறைவு, தெளிந்த நாளில் வெயில் இன்னும் பலமாகவே விழும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். வருடக் கணக்கில் லாபமா நட்டமா என்பது ஊருக்கு ஊர், ஏன், ஒரே ஊரில் கிழக்குச் சரிவுக்கும் மேற்குச் சரிவுக்கும் மாறும். 2011-ல் சென்னையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம், அப்போது அதற்குப் பெயர் வேறு, நாடு முழுக்க முதல் கட்டமாக 51 சூரியக் கதிர்வீச்சு அளவு நிலையங்களை நிறுவியது. பெரிய வேலைதான், பாராட்ட வேண்டும், ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் 51 நிலையங்கள் ஒரு மலையின் ஒவ்வொரு மடிப்புக்கும் பதில் சொல்ல முடியாது. மடிப்புக்கு மடிப்பு ஒரு சின்ன அளவியை வைத்து வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்வது அந்த மலையில் இருக்கும் கல்லூரிக்குத்தான் முடியும்.

ஒரு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மலைக்கு முதலில் வேண்டியது மின்சார ஆராய்ச்சி இல்லை, வெப்ப ஆராய்ச்சி. தமிழ்நாட்டில் 2016-ல் இருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மேல்மலையில் நாலு விளக்கும் ஒரு டிவியும் உள்ள வீட்டுக்கு பில்லே வராது. 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தாலும், பில் வராத வீட்டுக்கு அது எதற்கு? எங்கள் செலவெல்லாம் சூட்டில்தான் இருக்கிறது. குளிக்க வெந்நீர், மாட்டுக்கு வெந்நீர், குளிர் காய நெருப்பு. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு வேக அதிக நேரம், அதற்கும் விறகு. வாட்டில் என்கிற சீகை மரமும் தைல மரமும் இந்த மலைகளில் காடாக நிற்பதற்கு விறகுத் தேவையும் ஒரு காரணம். அதனால் அழிந்த புல்வெளியை மீட்க இப்போது பாடுபட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீலகிரியிலும் இதே கதைதான், அளவு பெரியது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும், மீதி எடை முழுக்க ஆவியாகப் போக வேண்டிய தண்ணீர். இலையில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கிற ஈரத்தை 3 சதவீதத்துக்கு இறக்கக் குன்னூர், கோத்தகிரி பக்கத்துத் தொழிற்சாலைகள் விறகைத்தான் எரிக்கின்றன. தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலைக் கூரைகளில் காற்றைச் சூரிய வெப்பத்தில் முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திக்கு அனுப்பும் அமைப்புகளை 1990-களிலேயே வைத்து, விறகு மிச்சமாவதை அளந்து எழுதியிருக்கிறார்கள். அப்படி இருந்தும் அது ஊரெல்லாம் பரவவில்லை. ஏன் பரவவில்லை என்பதும் ஒரு ஆராய்ச்சிக் கேள்விதான், பொறியியல் துறையோடு பொருளாதாரத் துறையும் சேர்ந்து உட்கார வேண்டிய கேள்வி.

வெப்பம் என்றதும் பூண்டு ஞாபகம் வருகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் வீட்டில் விதைப்பூண்டைக் கட்டுக் கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு மாணவிகள் சூரிய உலர்த்தி பற்றிப் பேச வந்தார்கள். கண்ணாடி மூடிய பெட்டி, உள்ளே தட்டு, மூன்று நாளில் காயும் என்றார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காயுறது சரி தாயி, புகை இல்லாட்டிப் பூச்சி வுழுந்துருமே" என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் உடனே நோட்டை எடுத்து, எத்தனை நாள் புகை, என்ன விறகு, பூச்சி எந்த மாதம் வரும் என்று ஒரு மணி நேரம் கேட்டு எழுதினாள். உலர்த்தியைப் பற்றி அப்புறம் அவள் பேசவே இல்லை. மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோவது என்று மேடையில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வரும். புகை இரண்டு வேலை செய்கிறது, பெட்டி ஒரு வேலைதான் செய்யும் என்பது ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்காது.

இங்கே ஒரு பழைய காயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொடைக்கானலில் அறிவியல் பேச வருகிறவர்கள் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். 1980-களில் தொடங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடியைப் பழைய சாமான் கடையில் தள்ளியது வெளியே தெரிந்து, 2001-ல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் நடந்த விவாதம் முழுக்க அறிவியல் விவாதம்: ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் சுத்தம் என்று சொல்லலாம்? 20 மில்லிகிராம் போதும் என்றது ஒரு தரப்பு, சோலைக் காட்டுக்கும் ஓடைக்கும் மேலே இருக்கும் நிலத்துக்கு அது போதாது என்றது ஊர். ஏரியில் பாதரசம் இருக்கிறதா என்று நீர், சேறு, மீன் எடுத்துச் சோதித்து 2006-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வகத்தினர். அவ்வளவு தூரத்தில் இருந்து வந்து அளந்தார்கள். நம் மாவட்டத்திலேயே ஒரு ஆய்வகம் முதல் வருடத்தில் இருந்து அளந்து, தமிழில் ஊர்க் கூட்டத்தில் வாசித்திருந்தால் எத்தனை தொழிலாளிகளுக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறாது. சுத்தமான எரிசக்திக்கும் கழிவு உண்டு. சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் இருந்தது, இப்போது எல்.இ.டி. வந்ததால் அது போனது. சோலார் விளக்கின் ஈய பேட்டரி நாலைந்து வருடத்தில் செத்த பிறகு எங்கே போகிறது? எங்கள் ஊர் ஓடையோரத்திலேயே இரண்டு கிடந்தன.

நீலகிரியில் கேள்வி இன்னும் பெரியது. 1932-ல் பைகாரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்து, அந்த மின்சாரம் கோயம்புத்தூர் பஞ்சாலைகளை ஓட்டியது. அப்புறம் 1950-களில் கனடா உதவியோடு குந்தா திட்டம். இப்போது அதே குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் கட்டுகிறார்கள். பகலில் சூரிய மின்சாரம் உபரியாக இருக்கும்போது கீழ் நீர்த்தேக்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துக்கொண்டு, மாலையில் எல்லோரும் விளக்குப் போடும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. நூறு யூனிட் செலவழித்து ஏற்றினால் 75, 80 யூனிட் திரும்பி வரும். காற்றாலையும் சோலாரும் நிறைந்த தமிழ்நாட்டுக்கு இந்த மாதிரி சேமிப்பு அவசியம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மலைக்குள் சுரங்கம் குடைவது, ஊற்றுகள் திசை மாறுவது, பாறை வெடி, மண்சரிவு, எல்லாம் அந்த மலையில் வாழ்கிறவர்கள் தலையில்தான். பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை சொல்கிறது. 30 நாள் முன்னறிவிப்பு, உள்ளூர் மொழியில் ஒரு சுருக்கம். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். கேரட் விதைக்கிறவர் 30 நாளில் அதை எப்படிப் படிப்பார்? அந்த 30 நாளும் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையும் பொறியியல் துறையும் ஊர் ஊராக உட்கார்ந்து, இந்தப் பக்கத்தில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள், ஊற்றைப் பற்றி இந்த அளவீடு எடுத்திருக்கிறார்கள், இதை எடுக்கவில்லை என்று தமிழில் விளக்கினால் போதும். ஆதரவோ எதிர்ப்போ ஊர் முடிவு செய்துகொள்ளும். இதைச் செய்ய அரசுக்கும் பயப்படாத, போராட்டக்காரர்களுக்கும் பயப்படாத ஆசிரியர்கள் வேண்டும், அந்த ஆசிரியர்களுக்குப் பின்னால் நிற்கும் நிர்வாகமும் வேண்டும்.

தமிழில் அறிவியலைச் சொல்ல ஆள் இல்லை என்ற சாக்கு எடுபடாது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-ல் தொடங்கியது, அவர்களுடைய துளிர் சிறுவர் இதழ் 1987-ல் இருந்து வருகிறது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட தங்கள் ஊர்க் கிணற்றையும் அடுப்பையும் அளந்து ஆய்வு எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை பல பல்கலைக்கழகக் கண்காட்சிகளைவிட அந்த ஆய்வுகளில் உயிர் இருக்கிறது. கண்காட்சியில் பிள்ளைகள் வரிசையில் வந்து, தெர்மாகோல் காற்றாலை சுற்றுவதைப் பார்த்து, பிஸ்கட் வாங்கிக்கொண்டு போகிறார்கள். பார்த்தது தப்பில்லை, ஆனால் அவர்கள் எதையும் அளக்கவில்லை. மேல்மலையில் இருக்கும் பள்ளிக்கூடங்களில் ஆளுக்கொரு வெப்பமானியும் மழைமானியும் கொடுத்து, அந்தக் குறிப்புகளை ஒரு பல்கலைக்கழகத் துறை ஒவ்வொரு மாதமும் வாங்கி, தொகுத்து, பிள்ளைகள் பெயரோடு திருப்பி அனுப்பினால், பத்து வருடத்தில் இந்த மலைக்கு யாரிடமும் இல்லாத ஒரு பதிவு இருக்கும். எந்த ஊர்க் குழியில் சாணி எத்தனை நாள் தங்க வேண்டும் என்பதை அந்தப் பதிவே சொல்லிவிடும்.

நான் கார்த்திகையில் பழனிக்குப் போனபோது ஒரு வெப்பமானி வாங்கி வந்தேன். சிவப்பு ஸ்பிரிட் போட்டது. பாதரசம் போட்டதும் கடையில் இருந்தது, கொடைக்கானல்காரனுக்கு அதை வாங்கக் கை வரவில்லை. அதை நூலில் கட்டி, குழியின் வெளிவாய்த் தொட்டியில் தினமும் காலை ஆறரைக்கு இறக்கி, ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கிறோம். அம்மாதான் எழுதுகிறார், கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம், தேதி முன்பக்கமே இருப்பதால் வசதி என்று. இதுவரை 41 தாள் சேர்ந்திருக்கிறது, அரிசி டப்பா மேல் ரப்பர் போட்டு வைத்திருக்கிறார். முந்தாநாள்தான் குழியைச் சுற்றி வைக்கோலும் குப்பையும் அடைத்தோம். நேற்று 14 டிகிரி. இன்றைக்கு வெளியே 7, தொட்டியில் 15. அம்மா அந்த 15-ஐ இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.